இன்னுங்கொஞ்சக்காரரும் நான்கு மணி நேர லாக்கும்

மனிதர்களில் இன்னுங்கொஞ்சக்காரர் என்று ஒரு வகை உண்டு. அவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். காலையில் குளியலறையில் சுடுநீர் பதமாக வந்துகொண்டிருக்கும்போதே, உடம்பெல்லாம் சவர்க்காரத்தோடு நின்றபடி, குமிழை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று திருப்பித் திருப்பி, கடைசியில் கொதிநீர் பட்டு அலறிக்கொண்டு துள்ளுகிறாரே, அவர்தான். நேராகத் தொங்கும் கல்யாணப் படத்தை நேராக்குகிறேன் என்று நாற்காலியில் ஏறி, படத்தையும் ஆணியையும் ஆணியோடு வந்த சுண்ணாம்புக் கட்டியையும் கையில் ஏந்திக்கொண்டு இறங்குகிறவரும் அவரே. 

அவர் சோம்பேறியா? இல்லவே இல்லை. திமிர் பிடித்தவரா? பாவம், அதுவும் கிடையாது. உலகத்தில் உள்ள எந்தப் பொருளும் இப்போது இருப்பதைவிட ஒரு சிட்டிகை மேலாக இருக்க முடியும் என்று உளமார நம்பும் நல்லவர். அந்த நம்பிக்கையால்தான் அவர் கைபட்ட எதுவும் உருப்படியாக இருப்பதில்லை.

இந்த வகையின் மிகச் சிறந்த மாதிரி ஒருவரோடு ஐந்து வருடமாக வேலை பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது. பெயர் ஹேமநாதன். வயது நாற்பத்து மூன்று. கூலாயில் வீடு. செடெனாக் பக்கத்துத் தொழிற்பேட்டையில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்துக்கும் லாரிச் சாலைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் அளவைக் கூடத்தில் பொறியாளர். கூடம் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆறு பேர், ஓர் உள் அறை, ஒரு வெளி அறை. உள் அறையில் இயந்திரம் இருக்கிறது. வெளி அறையில், அந்த இயந்திரம் சொல்வதைத் தாளில் ஏற்றி முத்திரை குத்திக் கோப்பில் போடுகிற நான் இருக்கிறேன். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். ஹேமநாதனைப் பார்ப்பதற்கு அதைவிட வசதியான இடம் ஜோகூர் மாநிலத்திலேயே கிடையாது.

அந்த இயந்திரத்துக்கு லேசர் இன்டர்ஃபெரோமீட்டர் என்று பெயர். அந்தப் பெயரைத் தடுக்காமல் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. நாங்கள் அதை மேசை என்றே சொல்வோம். ஒரு லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளுக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் மறுபடி ஒன்றாகச் சேர்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் வெளிச்சம், முரண்டு பிடித்தால் இருட்டு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு கண்ணாடி நகர்ந்தாலும் அந்த வெளிச்சம் மாறிவிடும். அதை வைத்து, கணினிச் சில்லு தயாரிக்கும் இயந்திரங்களின் நகரும் பாகங்கள் சொன்ன தூரம்தான் நகர்கின்றனவா என்று அளந்து சொல்வது எங்கள் பிழைப்பு.

அளப்பதற்கு முன்னால் கண்ணாடியை வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் சரியான நடுவில் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குப் பெயர் லாக். பிடித்து நிறுத்துவது ஒரு மின்பெட்டியின் வேலை. வெளிச்சம் கொஞ்சம் கூடினால் பெட்டி உடனே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பீங்கான் வில்லைக்கு மின்சாரம் அனுப்பும். வில்லை இம்மியளவு வீங்கும். கண்ணாடி தள்ளப்பட்டுப் பழைய இடத்துக்கு வரும். குறைந்தால் வில்லை சுருங்கும். விநாடிக்குப் பல்லாயிரம் முறை இந்தத் திருத்தல் நடந்துகொண்டே இருக்கும்.

பிழையைக் கண்டதும் பெட்டி எவ்வளவு பலமாகக் கண்டிக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு குமிழ் இருக்கிறது. கெய்ன் குமிழ். அதை ரொம்பக் குறைத்து வைத்தால் பெட்டி மெத்தனமாகிவிடும், கண்ணாடி தன் இஷ்டத்துக்கு நழுவும். கூட்டிக்கொண்டே போனால் பெட்டி பதற ஆரம்பிக்கும். கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தால் தேவைக்கு மேல் மறுபக்கம் தள்ளும். அதைத் திருத்த இந்தப் பக்கம் இன்னும் பலமாகத் தள்ளும். அப்படியே அலைந்து அலைந்து, கொசு காதுக்குள் நுழைந்த மாதிரி மேசையே 'கீ' என்று பாடத் தொடங்கிவிடும். பாட்டு கேட்டால் லாக் போயிற்று என்று பொருள். அதுவரை எண்ணியதெல்லாம் பூஜ்யம்.

குமிழை வைக்கும் முறை மிக எளிது. பாடும் வரை கூட்ட வேண்டும். பாடியதும் பாதியாகக் குறைக்க வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முதல் இரண்டும் ஹேமநாதனுக்கு அத்துப்படி.

மூன்றாவதுதான் வராது.

மஹ்மூதாவுக்கு மூன்றும் வரும். அவள் எங்கள் டெக்னிஷன். தங்காக்கில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். கையில் எப்போதும் ஒரு குறிப்புத் தாளும், வாயில் அளந்து வைத்த சொற்களுமாக இருப்பவள். மேசை எழுபத்து நான்கில் பாடுகிறது என்று கண்டுபிடித்து, முப்பத்தேழில் வைத்து, தாளில் எழுதி, தேதி போடுவாள். திரையில் பச்சைக் கோடு ஓடும். கண்ணாடியின் மிச்ச நடுக்கம் எவ்வளவு என்று அந்தக் கோடு காட்டும். பத்து நானோமீட்டருக்குள் இருந்தால் போதும் என்பது வாடிக்கையாளர் போட்ட விதி. மஹ்மூதாவின் கோடு நான்கில் ஓடும்.

ஹேமநாதன் அதைப் பார்ப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்ப்பார். நாற்காலியை அரை அடி முன்னால் இழுப்பார். இந்த மூன்றும் நடந்தால் நான் வெளியே பேனாவை மூடிவிடுவேன், ஏனென்றால் அன்றைக்கு அந்தச் சோதனையில் முத்திரை குத்த எதுவும் வரப்போவதில்லை.

"அண்ணே, நாலுல நிக்குது. பத்துக்குள்ள இருந்தா போதும்" என்பாள் மஹ்மூதா.

"போதும்தான்மா. ஆனா அழகா இல்லையே. கோட்டப் பாரு, கம்பளிப்பூச்சி மாதிரி."

"பூச்சி படுத்துத் தூங்குது அண்ணே. எழுப்பாதீங்க."

"ஒரே ஒரு எண்ணுதான். கடைசித் தடவை லா."

கடைசித் தடவைகளை எண்ணுகிறவன் நான். ஒரு புதன்கிழமை காலையில் மட்டும் பதினேழு கடைசித் தடவைகள். ஒவ்வொரு முறையும் கோடு கொஞ்சம் மெலியும். ஒவ்வொரு முறையும் அவர் முகம் மலரும். ஒவ்வொரு முறையும் மஹ்மூதா தாளில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதுவாள். எழுபதைத் தாண்டியதும் கோடு இரண்டுக்கு இறங்கி, பட்டு நூல் மாதிரி அசையாமல் ஓடும். "பார்த்தியா?" என்று திரும்பிக் கேட்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று குழியில் இறங்கி ஏறும்.

கீ.

மேலாளர் ராஜசேகரன் சும்மா இருக்கவில்லை. சத்தம் போடத் தெரியாத மனிதர். கவலை வந்தால் அறிவிப்பு ஒட்டுவார். குமிழின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, 'தொடாதே' என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினார். மறுநாள் மூடி மேசையில் கிடந்தது. கேட்டால், மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததாம், அதைச் சரியாக உட்கார வைக்கலாம் என்று எடுத்தாராம், எடுத்தது எடுத்தோம் என்று குமிழையும் ஒரு பார்வை பார்த்தாராம். இப்படிப்பட்டவரிடம் யாரால் கோபப்பட முடியும்?

வாடிக்கையாளரால் முடியும்.

சிங்கப்பூரில் ஒரு நிறுவனம். அவர்கள் வேலைதான் எங்கள் கூடத்தின் முக்கால்வாசி வேலை. புது ஒப்பந்தத்துக்கு முன்னால் அவர்கள் ஆள் நேரில் வந்து உட்கார்ந்திருக்க, மேசை நான்கு மணி நேரம் லாக் போகாமல் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். முதல் சோதனை இரண்டு மணி பத்து நிமிடத்தில் பாடியது. லாரி என்று எழுதி அனுப்பினோம். இரண்டாவது, மூன்று மணி ஐந்து நிமிடத்தில். குளிர்சாதனம் என்று எழுதினோம். இரண்டு கடிதத்தையும் தட்டச்சு செய்தவன் நான்தான். இரண்டு முறையும் குமிழ் எழுபதுக்கு மேலே நின்றது எனக்குத் தெரியும். லாரிக்காக வாதாட அங்கே யார் இருந்தார்கள்?

மூன்றாவது சோதனைதான் கடைசி என்று பதில் வந்தது. அதிலும் தவறினால் அந்த வேலை பினாங்கில் இருக்கும் வேறொரு கூடத்துக்குப் போய்விடும், எங்கள் உள் அறையைப் பூட்டிவிட்டு, விருப்பப்பட்டவர்கள் பினாங்குக்கு மாறலாம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. ராஜசேகரன் அந்தச் செய்தியை மட்டும் எங்கும் ஒட்டவில்லை. எங்களை உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார்.

மஹ்மூதா குறிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்தாள். அவளுடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று முறை கூலாயில் இரத்தச் சுத்திகரிப்பு. அதற்காகவே தங்காக்கிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்து இங்கே தன்னோடு வைத்திருந்தாள். மையத்தில் இடம் கிடைக்கவே ஏழு மாதம் காத்திருந்தாள். பினாங்கு என்பது மற்ற ஐந்து பேருக்கும் வீடு மாற்றுகிற தொல்லை. அவளுக்கு அப்படி இல்லை.

அன்றைக்கு மத்தியானம் ஹேமநாதன் என் மேசைக்கு வந்தார். வழக்கமாக வந்தால் என் முத்திரைக் கட்டையை மையின் நடுவில் சரியாக வைத்துவிட்டுப் போவார். அன்று எதையும் தொடவில்லை.

"அந்தப் பிள்ள அவங்க அம்மாவத் தூக்கிக்கிட்டு பினாங்கு போக முடியுமா? சொல்லுங்க" என்றார்.

"முடியாது."

"அதனாலதான் நான் விடாம பார்க்குறேன். இந்தத் தடவ ஒரு நடுக்கம்கூட இருக்கக் கூடாது."

இன்னுங்கொஞ்சக்காரர் அலட்சியமாக இருக்கும்போது ஆபத்து குறைவு. அன்பு வைத்துவிட்டால்தான் நாம் ஓட வேண்டும், ஏனென்றால் அந்த அன்பு நேராக அவர் விரல் நுனிக்குப் போய்ச் சேர்கிறது.

சோதனைக்கு முதல் நாள் முழுவதும் அவர் குமிழோடு இருந்தார். மாலை நான்கரைக்கு எழுபத்தொன்றில் நிறுத்தினார். கோடு இரண்டுக்கும் கீழே ஓடியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. மஹ்மூதாகூட ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். "ஆனா அண்ணே..." என்று தொடங்கினாள். அவர் கையைக் கூப்பிவிட்டார். அவர் போன பிறகு, சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை என்ற தாளில் கடைசியாக இருந்த வேலையை அவள் செய்தாள். கண்ணாடிகளைத் தூசி போகத் துடைத்து, ஒளியின் பாதையைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு லேசரைப் போட்டு, நடுப்புள்ளியை அமைத்து, லாக் பொத்தானை அழுத்தினார்கள்.

கீ.

அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்கள். கீ. மூன்றாவது முறையும் அதே சுருதி.

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தார் ராஜசேகரன்.

ஹேமநாதன் ஓட ஆரம்பித்தார். குளிர்சாதனத்தை அணைக்கச் சொன்னார். மேசையின் காற்றடைத்த கால்களைத் தட்டிப் பார்த்தார். சாலைக்கு ஓடிப்போய் லாரி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். நான் வெளி அறையில் நாற்காலியை நகர்த்தியதுதான் காரணமோ என்றுகூட ஒரு பார்வை பார்த்தார். நேற்று பட்டு நூல் மாதிரி ஓடிய கோடு இன்று திரையை முழுக்க அடைத்துக்கொண்டு ஆடுகிறதென்றால், யாரோ எதையோ தொட்டிருக்க வேண்டும் அல்லவா? உலகத்தில் தன்னைத் தவிர மற்ற எல்லாரும் எதையாவது தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது இந்த வகையினரின் அசைக்க முடியாத கொள்கை.

மஹ்மூதா ஓடவில்லை. ஒளியின் அளவைக் காட்டும் சின்னத் திரையைப் பார்த்தாள். நேற்றைய தாளைப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க வாங்க. நேத்து வெளிச்சம் அஞ்சு. இன்னைக்கு ஆறு."

"ஏன்?"

"நேத்து சாயங்காலம் நான் கண்ணாடியத் துடைச்சேன்."

"துடைச்சா நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா வெளிச்சம் கூடினா, குமிழத் தொடாமலே கெய்ன் கூடிரும். நேத்து எழுபத்து நாலுல பாடுச்சு. நீங்க எழுபத்தொண்ணுல வச்சிருந்தீங்க. மூணே எண்ணுதான் இடம்." அவள் குரல் உயரவில்லை. "கண்ணாடிய ஒரு துணி வச்சுத் துடைக்கக்கூட நீங்க இடம் விடலயே அண்ணே."

ஹேமநாதன் உட்கார்ந்தார். அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கு அவர் முகம் தெரிந்தது. திட்டு வாங்கிய முகமாக இருந்தால் நான் கேலி செய்திருப்பேன். கணக்கு விளங்கிவிட்ட முகமாக இருந்தது. முதல் சோதனை, இரண்டாவது சோதனை, பதினேழு கடைசித் தடவைகள் எல்லாம் வரிசையாக அவர் கண்ணில் வந்து நின்றிருக்க வேண்டும்.

"நீயே வை மா" என்றார்.

மஹ்மூதா குமிழைத் திருப்பினாள். அறுபத்திரண்டில் பாடியது. பாதியாகக் குறைத்தாள்.

"முப்பத்தொண்ணா?" என்றார், பல் பிடுங்கப்பட்டவர் மாதிரி.

"முப்பத்தொண்ணு."

"முப்பத்து மூணு வச்சா..."

"அண்ணே."

"சரி. சரி."

பச்சைக் கோடு நான்கில் ஓடியது. தடியாக, மயிர்க்கால் சிலிர்த்து, அசல் கம்பளிப்பூச்சியாக. ஹேமநாதன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சிங்கப்பூர் நிறுவனத்தின் ஆள் வந்தார். கமலநாதன் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். அழுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை. எல்லைப் பாலத்து நெரிசலில் மூன்று மணி நேரம் நின்று வந்த களைப்பு. "மூணாவது தடவை. எனக்கு உங்க ஊரு பிடிச்சுப் போச்சு, ஆனா நாலாவது தடவை வர விட மாட்டாங்க" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ராஜசேகரன் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

பத்து மணி ஆறு நிமிடத்துக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. விதிப்படி, கையெழுத்துப் போடும் பொறியாளர் சோதனை முடியும் வரை கூடத்தை விட்டுப் போகக் கூடாது. இல்லாவிட்டால் ராஜசேகரன் ஹேமநாதனைத் தூரத்து ஊரான யோங் பெங்குக்குப் போய்ப் பலகாரம் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருப்பார்.

முதல் மணி நேரம் அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். பதினொன்றுக்குச் செம்பனை லாரி வந்தது. கோடு ஆறுக்குத் துள்ளி, ஒரு மூச்சு விட்டு, நான்குக்குத் திரும்பியது. இரண்டாவது மணி நேரத்தில் திரையைத் துடைத்தார், பேனாக்களை உயர வரிசையில் அடுக்கினார், மஹ்மூதாவின் நாற்காலி உயரத்தைச் சரிசெய்ய முயன்று அவளிடம் ஒரு பார்வை வாங்கினார். பன்னிரண்டரைக்கு வெளி அறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றபடியே மனைவியோடு தொலைபேசியில் பேசினார்.

"தனலெட்சுமி, கைய என்ன செய்றதுன்னே தெரியல."

மறுமுனையில் சொன்னது எனக்கும் கேட்டது. "பாக்கெட்டுல போடுங்க. வீட்டுலயும் அதைத்தான் இருவது வருஷமா சொல்றேன்."

போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று மணி நேரம் கடந்தது. பழைய சாதனையும் கடந்தது. ராஜசேகரன் சுவரோரமாக நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நிமிடங்களை எண்ணுகிறாரா வேண்டிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. ஒன்று நாற்பதுக்குக் கமலநாதன் எழுந்து சோம்பல் முறித்தார். திரைக்கு அருகே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்தார்.

நான் பேனாவை மூடினேன்.

"நல்லா இருக்கு" என்றார் கமலநாதன். "ஆனா முப்பத்தொண்ணுன்னா ரொம்பக் கம்மியாத் தெரியுதே. ஒரு எண்ணு ஏத்தினா கோடு இன்னும் மெலிசா வருமில்ல?" சொல்லிக்கொண்டே, யாரும் எதிர்பார்க்காத வேகத்தில், இஸ்திரி போட்ட சட்டைக் கை குமிழை நோக்கி நீண்டது. மஹ்மூதா பாதி எழுந்துவிட்டாள். ஆனால் வாடிக்கையாளர் கையை அவள் எப்படித் தட்டுவாள்?

ஹேமநாதன் பிடித்துவிட்டார். மணிக்கட்டை, இரண்டு கையாலும்.

"தொடாதீங்க சார்."

ராஜசேகரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"சும்மா ஒரு எண்ணுதான் மிஸ்டர் ஹேமா" என்றார் கமலநாதன், முகம் சிவந்து. "லிமிட்டுக்குள்ளதானே இருக்கு? என்ன ஆயிரப் போகுது?"

"அதேதான் சார் நானும் கேட்பேன். ரெண்டு சோதனையிலயும் கேட்டேன். ரெண்டு தடவையும் நீங்க வெறுங்கையோட திரும்பிப் போனீங்க."

"லாரி, ஏர்கோன்னு ரிப்போர்ட்டுல இருந்துச்சே?"

ஹேமநாதன் ராஜசேகரனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "லாரி பாவம் சார். நான்தான். நல்லா இருந்தத இன்னும் நல்லாக்கப் போயி, தாங்குற இடத்தயெல்லாம் நானே தின்னுட்டேன். இந்தப் பிள்ள ஆரம்பத்துலேருந்து பாதியிலதான் வச்சுது. இன்னைக்கும் அது வச்சதுதான் நிக்குது. முடிஞ்சப்புறம் நீங்க என்ன வேணா எழுதுங்க. இருபத்தாறு நிமிஷம் மட்டும் கைய எடுங்க."

கமலநாதன் கையை எடுத்தார். எடுத்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து, தன் தாளில் எதையோ எழுதத் தொடங்கினார். மஹ்மூதா ஹேமநாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சோதனையும் போனபோது மேசையைச் சரியாகத் துடைக்கவில்லை, சரியாக நிறுத்தவில்லை என்று அவள்மேலும் மேலிடத்தில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அது அவளுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒன்று ஐம்பதுக்கு இடி இடித்தது. செடெனாக் மழைக்கு முன் அறிவிப்பு ஒட்டும் பழக்கம் இல்லை. ஒரே அடி, கண்ணாடிச் சுவரே அதிர்ந்தது. கோடு எட்டரைக்குத் தாவியது. ஐந்து பேரும் மூச்சை நிறுத்தினோம். எட்டு. ஏழு. ஐந்தரை. நான்கு. தூக்கத்தில் புரண்டு படுத்த குழந்தை மாதிரி மறுபடி ஓடியது. எழுபத்தொன்றில் இருந்திருந்தால் அந்தப் பாட்டு கூலாய் வரைக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு மணி ஆறு நிமிடம். மஹ்மூதா நேரத்தை எழுதி அடிக்கோடு போட்டாள். கோடு கோணலாக விழுந்தது. அதை யாரும் நேராக்கவில்லை. கமலநாதன் கையெழுத்துப் போட்டார், நான் முத்திரை குத்தினேன். வேலை எங்களிடமே தங்கியது. பழைய அறிக்கைகளைப் பற்றி அவர் எழுதியது இரண்டே வரி: முந்தைய இரண்டு தோல்விக்கும் காரணம் தெளிவாகிவிட்டது, அமைப்பு முறை இனி டெக்னிஷன் மஹ்மூதாவின் பொறுப்பில் இருப்பது நல்லது. ராஜசேகரன் அதைப் படித்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றார். கேட்டால் காற்று வாங்கினேன் என்றார்.

இத்தோடு ஹேமநாதன் திருந்தினார் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் நான் கோப்பு வேலை பார்ப்பவன், நடந்ததைத்தான் எழுத வேண்டும். மஹ்மூதா அம்மாவை மையத்திலிருந்து கூட்டி வரக் கிளம்பினாள். கதவருகே நின்று, "தேங்க்ஸ் அண்ணே" என்றாள். அவர், "நாளைக்கு மூடிய நல்லா அழுத்தி மூடிரு மா" என்றார். அவள் போனதும் கமலநாதன் ஹேமநாதனைப் பார்த்தார். ஹேமநாதன் கமலநாதனைப் பார்த்தார்.

"சோதனைதான் முடிஞ்சிருச்சே?" என்றார் கமலநாதன்.

"முடிஞ்சிருச்சு சார்."

"அப்ப சும்மா பார்க்கலாமில்ல?"

இரண்டு தலைகளும் குமிழின் மேல் ஒட்டிக்கொண்டன. முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தெட்டு. ஒருவர் திருப்ப ஒருவர் திரையைப் பார்த்து, "வருது, வருது, இன்னும் லேசா" என்று குதூகலமாக ஏற்றிக்கொண்டே போய், பதினோராவது நிமிடத்தில் மேசையைப் பாட வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்து ஜன்னலை உடைத்த பையன்கள் மாதிரி விழுந்து விழுந்து சிரித்தார்கள். சகோதரனைக் கண்டடைந்த மகிழ்ச்சி அது. நான் குறுக்கிடவில்லை.

இப்போது குமிழின் மூடிக்குப் பூட்டு இருக்கிறது, சாவி மஹ்மூதாவிடம் இருக்கிறது. பழுதாகி ஒதுக்கிய பழைய மின்பெட்டி ஒன்றை அவளே துடைத்து ஹேமநாதனின் மேசையில் வைத்திருக்கிறாள். அதில் ஒரு குமிழ் உண்டு. வயர் எதுவும் கிடையாது. கூட்டங்களில் பேச்சு நீளும்போது அவர் அதைத் திருப்பிக்கொண்டிருப்பார். "எதுலயும் மாட்டலன்னு எனக்குத் தெரியும் லா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "இருந்தாலும் முப்பத்தாறுல ஒரு தனி சுகம்."

சரி, ஹேமநாதனைப் பார்த்து நீங்கள் சிரித்தது போதும். உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் நிதானமானவர், போதும் என்றால் போதும் என்று விடத் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மேலே நான் எழுதியிருக்கும் வாக்கியங்களில் குறைந்தது மூன்றை, படித்துக்கொண்டு போகும்போதே, இந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்தச் சொல்லைப் போட்டால் நன்றாக இருக்குமே என்று மனதுக்குள் மாற்றி வைத்துப் பார்த்தீர்களா, இல்லையா?